சேலத்தில் டவுன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடினாலும் சரி, கல்யாண மண்டபம் பேசினாலும் சரி, இந்தத் தகராறு வந்தே தீரும். “மண்டபம் டவுன்லயேதாங்க இருக்கு” என்பார் ஒருவர். போய்ப் பார்த்தால் ஐந்து ரோடு சந்திப்பையும் தாண்டி நிற்கும். “இதுவா டவுன்?” என்று பெண் வீட்டுப் பெரியவர் கேட்க, அங்கேயே ஒரு வாக்குவாதம் ஆரம்பிக்கும். நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். இது சும்மா வாய்ச்சண்டை என்று எனக்குத் தோன்றியதில்லை. எந்த இடத்தை ஊரின் நடு என்று ஒத்துக்கொள்கிறோமோ அந்த இடத்துக்குத்தான் நடைபாதை கேட்போம், பேருந்து கேட்போம், ஆற்றைச் சுத்தம் செய்யச் சொல்லுவோம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குச் சரியென்று படும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

டவுன் என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் எந்த இடத்தைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலானவர்களுக்குப் பழைய பேருந்து நிலையம்தான் புள்ளி. ரயில்வே ஜங்ஷனில் ஆட்டோ பிடித்து “டவுனுக்குப் போகணும்” என்றால், வேறு எதுவும் கேட்காமல் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து கிளம்பி வ.உ.சி. மார்க்கெட், ராஜகணபதி கோயில், சுகவனேசுவரர் கோயில், முதல் அக்ரகாரம், இரண்டாவது அக்ரகாரம், பட்டைக்கோயில், சின்னக் கடைவீதி என்று ஒரு வட்டம் வரும். இதுவரை யாரும் சண்டைக்கு வருவதில்லை. இந்த வட்டத்துக்கு வெளியே ஒரு தெரு போனால் போதும், ஆளுக்கொரு பேச்சு.

அரசுக் கணக்கில் டவுனுக்கு எல்லை உண்டா?

கிடையாது. நிறையப் பேர் மாநகராட்சியில் ஏதோ வரைபடம் இருக்கிறது, அதைப் பார்த்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மாநகராட்சிக்கு இருப்பது நான்கு மண்டலங்கள்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. வார்டுகள் 60. நான்கில் ஒரு மண்டலத்துக்கும் டவுன் என்று பெயரில்லை. எல்லாப் பெயரும் சுற்றியுள்ள ஊர்களின் பெயர். நடுவில் இருப்பதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வருவாய்த் துறையிலும் அப்படித்தான். சேலம், சேலம் மேற்கு, சேலம் தெற்கு என்று வட்டங்கள் இருக்கின்றன. டவுன் வட்டம் இல்லை. பத்திரப் பதிவுக்கு வழிகாட்டி மதிப்பு பார்த்தால் அது தெருவுக்குத் தெரு போட்ட கணக்கு.

டவுன் என்ற பெயர் அரசுப் பலகையில் இருப்பது காவல் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும். ரயில் நிலையம் பற்றிக் கீழே தனியாகவே சொல்கிறேன், அதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தபால் துறையின் எண் வரிசை மட்டும் எனக்குப் பிடித்த சாட்சி. 1972-ல் பின்கோடு வந்தபோது தலைமைத் தபால் நிலையத்துக்கு 636001, செவ்வாய்ப்பேட்டைக்கு 636002, அம்மாப்பேட்டைக்கு 636003. சூரமங்கலம் 5, அஸ்தம்பட்டி 7. ஃபேர்லேண்ட்ஸ் 16-க்குப் போய்விட்டது. இதை வைத்து எல்லை போட முடியாதுதான். ஆனாலும் அந்தக் காலத்தில் எது நடு, எது பக்கம் என்று நினைத்தார்கள் என்பதற்கு ஒரு வாசனை இதில் இருக்கிறது.

முன்பு நகராட்சியாக இருந்தபோது முழுவதுமே டவுன்தானே?

இது நல்ல வாதம். என் பக்கத்து வீட்டுத் தாத்தா இதைத்தான் சொல்லுவார்: “முனிசிபாலிடி எல்லைக்குள்ள இருந்தா டவுன், வெளிய இருந்தா கிராமம். அவ்வளவுதான்.”

சேலம் நகராட்சி 1866-லேயே வந்தது. மதராஸ் மாகாணத்தின் பழைய நகராட்சிகளில் ஒன்று. 1917-ல் ராஜாஜி அதற்குத் தலைவராக இருந்தார். அந்த நகராட்சி சின்னது. சூரமங்கலம் தனி ஊர், பிறகு தனி நகராட்சியாகவும் இருந்தது. 1994-ல் சேலம் மாநகராட்சியானபோது சூரமங்கலத்தையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது பரப்பு 91 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தாத்தாவின் அளவுகோலை இன்றைக்கு எடுத்து வைத்தால் ஜாகீர் அம்மாபாளையமும் டவுன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அங்கே குடியிருப்பவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் எதை வைத்து எல்லை போடுவது?

மூன்று சோதனைகளை நான் பார்க்கிறேன்.

முதலாவது, பேச்சு. ஓர் இடத்தில் குடியிருப்பவர் செருப்பு மாட்டிக்கொண்டு “டவுன் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்” என்று சொன்னால், அவர் நிற்கும் இடம் டவுன் இல்லை. எந்த வரைபடத்தையும்விட இது சரியாக வேலை செய்கிறது. தாதகாப்பட்டியில் சொல்கிறார்கள், கிச்சிப்பாளையத்தில் சொல்கிறார்கள், அழகாபுரத்தில் சொல்கிறார்கள். இரண்டாவது அக்ரகாரத்தில் யாரும் சொல்வதில்லை. அவர்கள் “கடைக்குப் போறேன்” என்பார்கள்.

இரண்டாவது, கால். பேருந்தை விட்டு இறங்கிய பிறகு மறுபடி வண்டி ஏறாமல் எல்லா வேலையையும் முடிக்க முடிகிறதா? வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். காலையில் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, பத்திரிகை அடிக்கக் கொடுத்து, பட்டுப் பார்த்து, தாலிக்குப் பொன் கொடுத்து, சீர்ப் பாத்திரத்துக்கு விலை கேட்டு, மார்க்கெட்டில் மாலைக்கு முன்பணம் கட்டி, ராஜகணபதிக்கு முன்னால் பத்திரிகை மாதிரியை வைத்துக் கும்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் மறுபடி பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். ஆட்டோவுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. சேலத்தில் இதைச் செய்ய முடிகிற இடம் இது ஒன்றுதான்.

மூன்றாவது, தேர். வைகாசித் தேரோட்டத்தில் சுகவனேசுவரர் தேர் போகிற வீதிகளைப் பாருங்கள். பழைய ஊரை அமைத்தவர்கள் எந்த வீதியைப் பெரிய வீதி என்று நினைத்தார்களோ அதில்தான் தேர் ஓடும். அக்ரகாரமும் சின்னக் கடைவீதியும் அதில் வருகின்றன. திருப்புகழில் இடம்பெற்ற கோயில் அது. அதைச் சுற்றி ஊர் கட்டியது நேற்று முந்தாநாள் வேலை இல்லை.

மூன்றும் பொருந்தினால் ஐயமில்லாமல் டவுன். இரண்டு பொருந்தினால் பேசித் தீர்க்கலாம். ஒன்றுதான் பொருந்துகிறது என்றால், மன்னிக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை டவுனா, இல்லையா?

அதிகமாக அடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

முதல் சோதனையில் செவ்வாய்ப்பேட்டை தோற்றுவிடும். அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பெருமையாகவே “நாங்க பேட்டைக்காரங்க” என்பார்கள். அக்ரகாரத்துப் பக்கம் வரும்போது “டவுனுக்குப் போறேன்” என்பவர்களும் உண்டு. தனி மாரியம்மன், ஆடியில் தனித் தேர், தனிப் பஜார். ஊருக்குள் ஓர் ஊர்.

ஆனால் விடியற்காலையில் லீ பஜார் பக்கம் ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஐந்து மணிக்கே லாரிகள் பின்பக்கமாக ஏறி வந்து நிற்கும். வெல்ல மண்டியில் ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வந்த சிப்பங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். துண்டைத் தலையில் சுருட்டிக் கட்டிய மூட்டை தூக்கும் அண்ணன்கள் இரும்புக் கொக்கியை மூட்டையின் காதில் மாட்டி ஒரே இழுப்பில் முதுகுக்குக் கொண்டுவருவார்கள். ஒருவர் குனிந்து நிற்க, இன்னொருவர் ஏற்றிவிட, மூன்றாமவர் பாரம் எண்ணுவார். வியாபாரி ஒரு வெல்ல உருண்டையை உடைத்து உள்நிறத்தைப் பார்த்து, நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துத்தான் விலையே பேசுவார். தெரு முழுக்க வெல்லப்பாகும் மிளகாய் நெடியும் கலந்து மூக்கைத் துளைக்கும். எட்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரத் தொடங்கும்போது பாதி வியாபாரம் முடிந்திருக்கும். இன்னும் உள்ளே போனால் வெள்ளிப் பட்டறைகள். கொலுசுக்குக் கம்பி இழுக்கிற சத்தமும், பற்றவைப்பவர் ஊதுகிற நெருப்பும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும்.

அக்ரகாரத்துக் கடைகளில் சில்லறைக்கு வாங்கும் மளிகையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. செவ்வாய்ப்பேட்டை ஒருநாள் ஷட்டரை இறக்கினால் சின்னக் கடைவீதி மறுநாளே திணறும். ஒன்றையொன்று இவ்வளவு நம்பியிருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் கோடு போட்டு ஒன்றை வெளியே தள்ளுவது நியாயமாகப் படவில்லை. நடந்தும் போய்விடலாம். அதனால் என் தீர்ப்பு: செவ்வாய்ப்பேட்டை டவுனுக்குள். பேட்டைக்காரர்கள் இதற்குக் கோபப்பட்டாலும் பரவாயில்லை. அவர்களுடைய தனிப் பெயரை யாரும் பிடுங்கப் போவதில்லை.

குகையும் அம்மாப்பேட்டையும்?

வெளியே. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் நெசவு ஊர்கள். டவுனுக்குப் பக்கத்தில் தம் காலில் நின்ற ஊர்கள். ஆடி மாதம் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்குமே, சாமி வேடம் போட்டவர்கள் விளக்கலங்காரம் செய்த வண்டிகளில் நின்றுகொண்டு வருவார்களே, அதைப் பார்க்க டவுனிலிருந்து ஆள் போகும். விழா பார்க்க டவுன்காரர்கள் கிளம்பிப் போகிற இடம் டவுனாக எப்படி இருக்கும்?

பெரியவர்கள் எட்டுப் பேட்டை என்று சொல்லும் கணக்கில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மாரியம்மன். எல்லோருக்கும் பெரியவள் கோட்டை மாரியம்மன். ஆடித் திருவிழா அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். நடு எது, சுற்று எது என்பதை அம்மன்களை வைத்தே நம் முன்னோர்கள் வகுத்துவிட்டதாகத்தான் நான் பார்க்கிறேன்.

அப்போது கோட்டை உள்ளேதானே?

உள்ளேதான். கோட்டைச் சுவரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், ஜாமியா மசூதி, சந்துகள், இவைதான் இன்றைய கோட்டை. திருமணிமுத்தாற்றின் இரண்டு கரையும் சேர்ந்ததுதான் பழைய சேலம். சேர்வராயன் மலைப் பக்கம் மஞ்சவாடியில் தொடங்கி, ஊருக்கு நடுவே வந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு இது. ஊருக்குள் மட்டும் சாக்கடையாக ஓடுகிறது. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். இது ஆறு என்றே தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், டவுன் எல்லை பற்றிய பேச்சு இந்த ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஊரின் நடுவில் ஓடுவதால்தான் அது ஊரின் கழிவு முழுவதையும் சுமக்கிறது. நடு என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் அதன் நிலைக்கும் பொறுப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வடக்கே எதுவரை? அஸ்தம்பட்டி சேருமா?

கலெக்டர் ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, முள்ளுவாடி ரயில்வே கேட் வரை சேர்க்கலாம். கேட் போட்டால் அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம் என்று நிற்கும் காட்சியே எல்லைக் கல் மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் தெரு அகலமாகிறது, மரம் வருகிறது, மதில் சுவர் வருகிறது. மரவனேரி, அஸ்தம்பட்டி எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களா கட்டிக்கொண்ட பகுதி. மத்தியச் சிறையும் நீதிமன்றமும் அஸ்தம்பட்டியில்தான். கோர்ட்டுக்குப் போகிறவர் “கோர்ட்டுக்குப் போறேன்” என்பார்; டவுனுக்கு என்று சொல்ல மாட்டார்.

ஐந்து ரோடும் ஃபேர்லேண்ட்ஸும்தான் இன்றைய டவுன். பழைய கதை பேசுகிறீர்களே?

இளைஞர்கள் கேட்பது இது. நியாயம் இல்லாமல் கேட்கவில்லை. பெரிய துணிக்கடைகள், நகைக்கடைகள், தனியார் மருத்துவமனைகள், வங்கிகளின் வட்டார அலுவலகங்கள், காபி ஷாப் எல்லாம் ஐந்து ரோடு, ஓமலூர் ரோடு, சாரதா காலேஜ் ரோடு, ராமகிருஷ்ணா ரோடு, சொர்ணபுரிப் பக்கம் போய்விட்டன. 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தது ஐந்து ரோட்டில்தான். பணம் எங்கே புரள்கிறதோ அதுதான் நகரத்தின் நடு என்றால், நான் வாதத்தில் தோற்றுவிட்டேன்.

ஆனால் கால் சோதனையை வைத்துப் பாருங்கள். ஐந்து ரோட்டில் இறங்கி ஒரு துணிக்கடைக்குப் போகலாம். அங்கிருந்து சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போகவேண்டும் என்றால்? அறுபது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடந்து பாருங்கள். மேம்பாலம் வண்டிகளை வேகமாக அனுப்புவதற்காகக் கட்டியது. அதன் அடியில் நடப்பவருக்கு என்று யோசித்தது குறைவு. ஒவ்வொரு கடையும் தன் பார்க்கிங், தன் வாசல், தன் ஏசி என்று தனித்தனித் தீவாக நிற்கிறது. வண்டி இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை.

டவுனில் அப்படி இல்லை. பத்து ரூபாய்க்குப் பூ வாங்க வந்தவரும் பத்துப் பவுன் எடுக்க வந்தவரும் ஒரே சந்தில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கல்ராயன் மலையிலிருந்து புளி மூட்டையோடு வந்தவர், வாழப்பாடியிலிருந்து விதை வாங்க வந்தவர், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குச் சாப்பாடு வாங்குகிறவர், எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. யாருக்கும் தெரிந்தவராக இல்லாமலே, கையில் காசு கொஞ்சமாக இருந்தும், ஒரு நாளைக் கழிக்க முடிகிற இடத்தைத்தான் நான் டவுன் என்பேன். ஐந்து ரோடு இன்னும் அப்படி ஆகவில்லை. ஆகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அகலமான நடைபாதையும் கடக்க ஒழுங்கான வழியும் போட்டால் இன்னொரு இருபது வருடத்தில் இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டி வரலாம்.

நாலு ரோடு? அங்கே பெரிய தேவாலயம் இருக்கிறதே?

குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது, கிறிஸ்துமஸ் இரவில் அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் நாலு ரோடு எனக்கு டவுனின் வாசற்படி. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இதில் வேறு கருத்து உள்ளவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

புதிய பேருந்து நிலையம் டவுனில்தான் இருக்கிறதா?

இல்லை. மெய்யனூர்ப் பக்கம் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, கோவை, மதுரை என்று வெளியூர் வண்டிகள் அங்கே வரும். டவுன் வர நகரப் பேருந்து ஏற வேண்டும்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஜங்ஷன், டவுன், மார்க்கெட் என்று மூன்று சேலம் காட்டுகிறது. எதை எடுப்பது?

வெளியூர் உறவினர்கள் தவறாமல் குழம்பும் இடம் இது. “டவுனுக்குள்ளதான் கல்யாணம், அதனால டவுன் ஸ்டேஷனுக்கே எடுத்துடலாம்” என்று தேடுவார்கள். தங்கள் ஊரிலிருந்து வண்டியே இல்லை என்று வரும்.

சென்னை, ஈரோடு, கோவை, பெங்களூரு முதன்மைப் பாதை வண்டிகள் எல்லாம் சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனில்தான் நிற்கும். 1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தபோது பாதையை ஊருக்குள் கொண்டுவராமல் சூரமங்கலம் வழியாகவே போட்டார்கள். ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே வயலும் புளியமரமுமாக ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி நிரம்பித்தான் இன்றைய சேலத்தின் மேற்குப் பாதி உருவானது. டவுனும் மார்க்கெட்டும் விருத்தாசலம் பாதையில் வருபவை. ஆத்தூர், சின்னசேலம் பக்கமிருந்து வருபவர்களுக்கும், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகிறவர்களுக்கும் டவுன் ஸ்டேஷன் ரொம்ப வசதி. இறங்கினால் முள்ளுவாடி கேட், கலெக்டர் ஆபீஸ் பக்கம். மற்றவர்கள் ஜங்ஷனுக்கு எடுத்துவிட்டு அங்கிருந்து நகரப் பேருந்தில் பழைய பேருந்து நிலையம் வந்துவிடுங்கள்.

மற்ற ஊர்களில் இந்தச் சண்டை இருக்கிறதா?

மதுரையில் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள். கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் வெளி வீதி. அதற்குள் இருந்தால் டவுன், முடிந்தது பேச்சு. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி இருப்பது டவுன். ஜங்ஷன் தனி, பாளையங்கோட்டை தனி. திருச்சியில் மலைக்கோட்டை, சத்திரம் பேருந்து நிலையம் ஒரு பக்கம், கன்டோன்மென்ட், மத்தியப் பேருந்து நிலையம் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. அங்கே நம்முடையதைப் போன்ற பேச்சு கொஞ்சம் உண்டு. சேலத்துக்கு மதுரை போல ஒரே கோயில், ஒரே சதுரம் அமையவில்லை. கோட்டை, அக்ரகாரம், பேட்டைகள் என்று பல புள்ளிகளிலிருந்து வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஊர் இது. சண்டைக்குக் காரணமும் அதுதான்.

எல்லை போட்டு என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். 2016-ல் சீர்மிகு நகரம் திட்டத்துக்குச் சேலம் தேர்வானபோது, ஊர் முழுவதற்கும் பணம் வரவில்லை. ஒரு பகுதியைக் குறித்து அதற்குள்தான் அதிக வேலை செய்தார்கள். பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்குச் சாலையும் விளக்கும் வந்தன, தூசியும் வருடக்கணக்கில் வந்தது. அந்த வருடங்களில் அங்கே தள்ளுவண்டி போட்டிருந்தவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். அடுத்த முறை கோடு போடும்போது அதற்குள் வாழ்பவர்களைக் கேட்டுப் போட வேண்டும் என்பதற்காகவே நாம் இதைப் பேச வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. டவுன் என்றால் நெரிசல், பார்க்கிங் கிடையாது, அங்கே எதற்குப் போக வேண்டும் என்று ஒரு பேச்சு பரவி வருகிறது. நெரிசலுக்கு மருந்தாகக் கடைகளை வெளியே அனுப்பிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். மொத்த வியாபாரத்தின் லாரிகளைப் பகலில் உள்ளே விடாமல் ஒழுங்கு செய்யலாம், அது வேறு. சின்னக் கடைவீதியில் பண்டிகை நாட்களில் காரையும் பைக்கையும் நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடலாம்; அதையும் வரவேற்பேன். ஆனால் கடையையும் மார்க்கெட்டையும் கிளப்பிவிட்டால் பிறகு அங்கே டவுன் என்று சொல்ல என்ன மிஞ்சும்?

மனை விளம்பரங்களில் “டவுனுக்குப் பத்தே நிமிடம்” என்று போடுகிறார்களே?

எந்த இடத்தை டவுன் என்று வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் என்றோ கொண்டலாம்பட்டி என்றோ வரும். பழைய பேருந்து நிலையத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு நகரப் பேருந்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு டவுன் எது?

மலையில் நாகலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அன்றாடத்துக்கு ஏற்காடு பேருந்து நிலையமும் ஒண்டிக்கடையும் ஏரிக்கரைக் கடைகளும்தான் டவுன். ரேஷன், வங்கி, வாரச் செலவு அங்கேயே ஆகிவிடும். பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணச் சாமான், வழக்கு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே வர வேண்டும். அவர்கள் அதைச் சேலம் என்றுதான் சொல்வார்கள். கோரிமேடு வந்ததுமே சேலம் வந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றும். கோரிமேட்டுக்காரரோ இன்னும் டவுன் வரவில்லை என்பார். இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

எல்லையை நேரில் நடந்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் முள்ளுவாடி கேட்டில் தொடங்குங்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கமாக வந்து சுகவனேசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு. ராஜகணபதியைப் பார்த்துவிட்டு இரண்டாவது அக்ரகாரம், பட்டைக்கோயில், சின்னக் கடைவீதி. மாம்பழப் பருவமாக இருந்தால் இங்கே கொஞ்சம் நேரம் எடுக்கும். மல்கோவாவையும் குண்டுவையும் பார்த்துவிட்டு யாராலும் சும்மா போக முடியாது. முதல் அக்ரகாரம் வழியாகப் பழைய பேருந்து நிலையம் வந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து கோட்டை மாரியம்மன். அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குள் போய் லீ பஜாரில் முடியுங்கள்.

நடுவில் பசித்தால் தட்டுவடை செட் சாப்பிடுங்கள். தட்டுவடையில் ஒரு பக்கம் கார சட்னி, ஒரு பக்கம் பச்சைச் சட்னி தடவி, நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து மேலே இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். வாங்கினவுடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், நேரமானால் நமத்துப்போகும். வண்டிக்காரரிடமே “அண்ணா, டவுன் எதுவரைக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒன்று சொல்வார், பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவர் இன்னொன்று சொல்வார். அவர்கள் சொல்லும் தெருப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டு கூட்டத்தில் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் மனு எழுதும்போது அந்தத் தெருப் பெயர்கள்தான் தேவைப்படும்.